உதட்டுப் பூட்டு

கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு ஐஸ்கட்டி என்று பெயர் வைத்திருந்தார்கள். மீன் கிடங்கில் உறைந்த பெட்டிகளை அடுக்குகிறவனுக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் அவர்கள் அதை வேலைக்காக வைக்கவில்லை. பெட்டி சரிந்து காலில் விழுந்தாலும் சரி, மேஸ்திரி கூப்பிட்டுப் பாராட்டினாலும் சரி, அவன் முகத்தில் ஒன்றும் அசையாது. கேட்டால் "சரி" என்பான். இன்னும் கேட்டால் "பாத்துக்கலாம்" என்பான். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே பாதி ஆயுளை ஓட்டிவிட்ட ஆள்.

அவனுக்கு ஒரே மகள், நாலு வயது. பிறந்த அன்று துணியில் சுற்றிக் கொடுத்ததைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, மளிகைக்கடைப் பொட்டலம் மாதிரி இருக்கு" என்று அவன் மனைவி சிரித்தாள். அதோடு பொட்டலம் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நல்ல பெயர் ஒன்று வைக்கத்தான் செய்தார்கள், அதைக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

பொட்டலத்துக்கு இரண்டு வயது ஆனபோது அம்மா வெளிநாடு போனாள். அங்கே ஒரு வீட்டில் அவர்களுடைய கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. இரண்டு வருட ஒப்பந்தம். கிளம்பும் அன்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "வீடு எப்படியோ கெடக்கட்டும். நான் வர்ற வரைக்கும் குழந்தைய மட்டும் நல்லா பாத்துக்குங்க." அவன் "சரி" என்றான்.

அன்றிலிருந்து குழந்தை ராத்திரியானால் வீட்டையே தலைகீழாக்கியது. அம்மா வேண்டும் என்று அழக்கூடத் தெரியாத வயது. கதவைக் காட்டி அழும், கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காட்டி அழும். அவனோ விடியும் முன்பே கிடங்கில் நிற்க வேண்டியவன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். தோளில் போட்டு நடந்தான், தனக்கு வராத பாட்டையெல்லாம் பாடினான். கடைசியில் ஒருநாள் பால்புட்டியில் இனிப்பான கட்டிப்பாலைக் கரைத்து ஊற்றி வாயில் வைத்தான். வைத்த மாத்திரத்தில் அழுகை நின்றது. ரப்பரைச் சப்பிக்கொண்டே தூங்கிப் போனாள். கட்டிப்பாலைக் கண்டுபிடித்த புண்ணியவானுக்குச் சிலை வைக்கலாம் என்று அவனுக்குத் தோன்றியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது தீர்ந்தாலும் கட்டிப்பால் டப்பா மட்டும் தீர்ந்ததில்லை.

முதலில் மேல்வரிசை முன்பல்லில், ஈறை ஒட்டி, சாக்பீஸால் கோடு போட்ட மாதிரி ஒரு வெள்ளை. அவன் அதைப் பார்த்தான், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை. பிறகு மஞ்சள், பழுப்பு, அப்புறம் கறுப்பு. பொட்டலம் மூன்று வயதைத் தாண்டியபோது முன்னால் நான்கு பல் இருந்த இடத்தில் கருகிய திரி போல நான்கு குச்சிதான் மிச்சம். கீழ்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காதான் பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள். அவள் மிஷினை நிறுத்திவிட்டே சண்டைக்கு வந்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டுடா, காட்டுடான்னு எத்தனை தரம் சொல்றது? நீ என்ன மனுஷனா மரமா?"

"பால்பல்லுதானேக்கா. எப்படியும் விழப்போறது. புதுசா முளைக்கும்."

"விழுற வரைக்கும் அது மெல்ல வேணாமா?"

"பாத்துக்கலாம்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு மிஷினை மிதிக்கப் போய்விட்டாள்.

உலகத்தில் எதற்கும் அசையாத அந்த ஐஸ்கட்டி ஒரே ஒரு விஷயத்துக்குப் பயந்தான். வாரம் ஒருமுறை, விடுமுறை நாளன்று மத்தியானம், அவன் மனைவி போனில் முகம் பார்த்துப் பேசுவாள். மற்ற நாட்களில் அவள் வேலை செய்யும் வீட்டில் போனைத் தொட முடியாது. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் இந்தப் பல்லைப் பார்த்துவிட்டால்? ஒரே ஒரு வேலை சொல்லிவிட்டுப் போனாள், அதையும் கோட்டை விட்டாயிற்று. அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாள். அழட்டும் என்று விட அவனால் முடியாது, சொல்லிவிடவும் வாய் வராது.

அப்போதுதான் நம்ம ஆளுக்கு மூளை வேலை செய்தது. அதன் பெயர் உதட்டுப் பூட்டு. அம்மா போனில் வந்ததும் இரண்டு உதட்டையும் இறுக்கி மூட வேண்டும். அப்பா காற்றில் ஒரு சாவியைத் திருப்பி, தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். சாவி திரும்ப வெளியே வரும் வரை பூட்டு திறக்கக் கூடாது. சிரிக்கலாம், கை ஆட்டலாம், வரைந்த படத்தைக் காட்டலாம், உதடு மட்டும் பிரியக் கூடாது. பொட்டலத்துக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு வாரத்தில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். ஒருநாள் மட்டும் நடுவில் சிரிப்பு பீறிட்டு வாய் திறக்கப் பார்த்தது. போனை வைத்த பிறகு அவன் கொஞ்சம் கண்டிப்பாகச் சொன்னான்: "கறுப்புப் பல்ல அம்மா பாத்துட்டாங்கன்னு வை, அவ்வளவுதான். அப்புறம் இங்க வரவே மாட்டாங்க."

போலீஸ்காரர் பிடித்துக்கொண்டு போவார் என்று எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்வதில்லையா, அந்தக் கணக்கில் சொன்னது. சொன்னவன் அன்றே மறந்துவிட்டான்.

அம்மா ஆரம்பத்தில் கேட்டாள். "ஏங்க, ஏன் வாயே திறக்க மாட்டேங்குறா?"

"விளையாடுறா."

"என்கிட்ட மட்டுமா?"

"சின்னப்புள்ளதானே. சரியாயிடும்."

பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். பேச்சு உப்புச் சப்பில்லாமல் ஆனது. சாப்பிட்டியா, மழையா, அக்கா சௌக்கியமா. திரையில் இறுக்கி மூடிய வாயோடு உட்கார்ந்திருக்கும் மகளைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள், தன் பின்னால் அந்த வீட்டுக் குழந்தை சிணுங்கினால் எழுந்து போவாள். அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததை அவன் கவனிக்கவில்லை. தன் ரகசியம் தப்பித்த நிம்மதியில் இருந்தான்.

போன வாரம் அவள் ஒரு விஷயம் சொன்னாள்.

"இங்க பேப்பர் குடுத்திருக்காங்க. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கியான்னு கேக்குறாங்க. அடுத்த லீவுக்குள்ள சொல்லணும். என்னங்க சொல்றீங்க?"

வா என்று சொல்ல வேண்டியதுதானே! ஒரே எழுத்து. அவன் வாயில் அது வரவில்லை. அவள் வந்து இறங்கினால் முதலில் பார்ப்பது அந்தப் பல்லைத்தானே என்று ஓடியது புத்தி. "உன் இஷ்டம்" என்றான்.

"அவகிட்ட குடுங்க." போனைக் குழந்தையின் பக்கம் திருப்பினான். "பொட்டலம், அம்மா வந்துடட்டுமாடா? இல்ல, இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமா? நீயே சொல்லு" என்று கேட்டாள் அவள்.

பொட்டலம் அப்பாவைப் பார்த்தாள். அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டாள். அவன் மனைவி கொஞ்ச நேரம் வெறும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, வச்சிடுறேன்" என்றாள்.

இரண்டு நாளில் குழந்தையின் மேலுதடு வீங்கிக் காய்ச்சல் அடித்தது. கீழ்வீட்டு அக்கா அவனை ஒரு வார்த்தை பேசவிடாமல் இரண்டு பேரையும் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் ஒரு பெண், படபடவென்று பேசுகிறவர். துவண்டு கிடந்த குழந்தையின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்தார். ஈறில் சீழ் கட்டியிருந்தது. மருந்து எழுதிக் கொடுத்தார். "வீக்கம் வடியட்டும். இந்த நாலு பல்லும் எடுத்தே ஆகணும். பின்னாடி கடைவாய்ப் பல்லுல ஆரம்பம்தான், அதுக்கு அப்புறமா தொப்பி மாதிரி ஒரு மூடி போட்டுக் காப்பாத்திடலாம். லீவு நாள் காலையில கூட்டிட்டு வாங்க."

அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. தலையாட்டினான். லீவு நாள் மத்தியானம் போன் வருமே என்று மட்டும் நினைத்தான். பல்லே இல்லாத வாயை எப்படி மறைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனான்.

லீவு நாள் காலை. சாய்ந்த நாற்காலி, அதன் மேலே வளைந்து நிற்கும் விளக்கு, விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன திரை. வீக்கம் வடிந்துவிட்டதால் பொட்டலம் தெம்பாக இருந்தாள். தானே ஏறிப் படுத்தாள். நாற்காலியை இன்னொரு தடவை ஏற்றி இறக்கச் சொல்லிச் சிரிக்கவும் செய்தாள். டாக்டர் பேனா போன்ற ஒரு கருவியை எடுத்தார். அதன் நுனியில் காமிரா.

"இங்க பாரு, உன் வாயி டிவியில வரப்போகுது."

திரை ஒளிர்ந்தது. அதில் பொட்டலத்தின் முகம் தெரிந்தது. அவ்வளவுதான். இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டன.

டாக்டர் சிரிப்புக் காட்டினார். உதவிக்கு நின்ற சிஸ்டர் கையுறையை ஊதிக் கோழி செய்து காட்டினாள். பலூன், ஸ்டிக்கர், எல்லாம் வந்தது. உதடு பிரியவில்லை. கண் மட்டும் திரைக்கும் அப்பாவுக்குமாகப் போய்வந்தது.

"பயப்படுறா" என்றான் அவன்.

"பயந்த குழந்தை இந்நேரம் கத்திக் கூரையைப் பிச்சிருக்கும்ங்க. இவ அழவே இல்லையே. சொல்றதக் கேக்குறவளாட்டம் இருக்கா. யார் சொல்றதுன்னுதான் தெரியல."

பொட்டலம் விரலை நீட்டி அவனுடைய சட்டைப்பையைக் காட்டினாள். அவன் குனிந்தான். திரைக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு அவன் காதில் சொன்னாள்:

"அம்மா பாத்துடுவாங்கப்பா. அப்புறம் வர மாட்டாங்க."

சின்னப் பிள்ளையின் ரகசியம். அறை முழுக்கக் கேட்டது. டாக்டர் கருவியைக் கீழே வைத்தார்.

"அம்மா எங்க?"

வேறு வழியில்லாமல் அவன் சொன்னான். வெளிநாடு, வாரம் ஒரு போன், பூட்டு, சாவி. உளறிக்கொட்டித்தான் சொன்னான். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் திட்டவில்லை, ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப, அம்மாகிட்ட இவ ஒரு வார்த்தை பேசி எவ்வளவு நாளாச்சு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஏழெட்டு மாதம் என்று சொல்ல வந்தவனுக்கு அப்போதுதான் அந்த வெறும் நாற்காலி கண்ணில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியின் முகம் வந்தது. அம்மா வரட்டுமா என்று அவள் கேட்டாள். மகள் எழுந்து ஓடினாள். அங்கே இருந்து பார்க்கிறவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? பெற்ற பிள்ளைக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, தன்னிடம் பேசவே பிடிக்கவில்லை. வேறென்ன தெரிந்திருக்கும்? பல்லை மறைத்ததாக நினைத்துக்கொண்டு பிள்ளையையே மறைத்திருக்கிறான். அட மடையா.

"அந்த டிவிய அணைச்சிடுங்க" என்றான்.

சிஸ்டர் அணைத்தாள். அவன் பைக்குள் கையை விட்டு, இல்லாத சாவியை எடுத்து, மகளின் உதட்டருகே திருப்பினான். "இனிமே பூட்டே கிடையாது. சாவியத் தூக்கிப் போட்டுடுவோம், சரியா?" என்று ஜன்னல் பக்கம் வீசினான். பொட்டலம் சந்தேகத்தோடு சாவி போன திசையைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

ஈறில் முதலில் ஒரு இனிப்புக் களிம்பு தடவினார்கள். அது வேலை செய்ததும் சிஸ்டர் ஊசியைக் குழந்தையின் தாடைக்குக் கீழாக, கண்ணுக்குப் படாமல் டாக்டர் கையில் கொடுத்தாள். "கொசு கடிக்கும், ஒரே ஒரு கொசு" என்றார் டாக்டர். பொட்டலம் அப்பாவின் கட்டைவிரலை நசுக்கினாள். கிடங்கில் உறைந்து உறைந்து உணர்ச்சி குறைந்துபோன விரல், இருந்தும் அந்தப் பிடி தெரிந்தது. கொஞ்சம் பொறுத்துக் குறடு போட்டபோது அவள் அழவில்லை, அழுத்துகிறதே என்று முகத்தைச் சுளித்ததோடு சரி. ஒவ்வொன்றாக நான்கும் தட்டில் விழுந்தன. டாக்டர் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"ராத்திரி புட்டிப்பாலா?"

"கட்டிப்பால்."

"தூங்கும்போது எச்சில் ஊறாதுங்க. விடிய விடிய அந்தச் சீனிப்பால் பல்லுலயே கெடக்கும். இன்னையோட நிறுத்திடுங்க. முன்பல்லு திரும்ப வர ஏழு எட்டு வயசாகும், அது வரைக்கும் கொஞ்சம் பேச்சு குழறும், அவ்வளவுதான். இப்ப முக்கியமான ஒண்ணு." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "உதடு ரெண்டு மூணு மணி நேரம் மரத்தே இருக்கும். வேடிக்கையா இருக்குன்னு கடிப்பா. ரத்தம் வர்ற அளவுக்குக் கடிச்சாலும் அவளுக்குத் தெரியாது. மரப்பு விடுற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க."

அவன் தலையாட்டினான். கடிக்கிறோம் என்றே தெரியாமல் கடிப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிஸ்டர் நான்கு பல்லையும் ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் மனைவிக்கு அடித்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. படிக்கட்டில் நின்று இன்னொரு தரம், பஸ்ஸில் இன்னொரு தரம். அந்த நேரத்தில் எடுக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தான். மத்தியானம் அவளாகக் கூப்பிட்டதும் முதல் வார்த்தையாக வா என்று சொல்லிவிட வேண்டும். வீட்டுக்குப் போகும் வரை அந்த ஒரு எழுத்தை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகினான். சிரிக்காதீர்கள், அவனுக்கு அது பழக்கமில்லாத சொல்.

வீட்டில் பொட்டலத்தை எதிரே உட்காரவைத்துக் காவல் காத்தான். அவள் உதட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா, இது யாரோட உதடு?"

"உன்னோடதுதான்."

"இல்ல. வேற யாரோடதோ."

கடிக்கப் போகும்போதெல்லாம் அவன் விரலைக் குறுக்கே வைத்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது. போனை மேசையில், கட்டிப்பால் டப்பாவில் சாய்த்து நிறுத்தியிருந்தான். வைத்த பிறகுதான் எதில் சாய்த்திருக்கிறோம் என்று கண்ணில் பட்டது. டப்பாவை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, செம்பில் சாய்த்து வைத்தான்.

போன் அடித்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம். மணி கேட்டதும் பொட்டலம், பாவம், பழைய பழக்கத்தில் இரண்டு உதட்டையும் சேர்க்கப் பார்த்தாள். சேர்ந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. மரத்த மேலுதட்டை விரலால் கீழே அழுத்திக்கொண்டு, "அப்பா, பூட்டியிருக்கா?" என்று குழறினாள்.

அவன் போனை எடுத்தான். திரையில் மனைவி. அழுது கண் வீங்கி, பிறகு அந்த அழுகையும் காய்ந்துபோன முகம்.

"வந்து..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க அடிச்சிருந்தீங்க, பாத்தேன். நானும் சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றாள் அவள். குரலில் ஒன்றுமில்லை. "காலையில கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேங்க. ரெண்டு வருஷம். இந்தக் குழந்தை என்னை விட்டா யார்கிட்டயும் போகாது. நம்ம குழந்தைக்குத்தான் நான் பழக்கம் விட்டுப் போச்சே."

பழகி வைத்திருந்த எழுத்துக்கு இப்போது வேலை இல்லை. பத்தடி தூரத்தில் கீழ்வீட்டுத் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் மகளின் உதட்டிலிருந்து அவள் விரலை எடுத்துவிட்டான். போனைக் கிட்டே கொண்டுபோய் அந்த வாயைக் காட்டினான்.

"நான்தான் மூடச் சொன்னேன்" என்றான். "பல்லு சொத்தையாயிடுச்சு. நான் குடுத்த பால்ல. நீ பாத்துடக் கூடாதுன்னு, போன் வந்தா வாயத் திறக்காதன்னு நான்தான் பழக்கினேன். அவ கோபத்துல இல்ல. அவளுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாம் நான்."

அவன் வாழ்க்கையிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தான். இல்லை, அவள் இமை அசைந்தது.

"எடுத்த பல்லு இருக்கா?" என்று கேட்டாள்.

தாளைப் பிரித்துக் காட்டினான். நான்கு கறுப்புக் குச்சி.

"அதுல முதல்ல முளைச்சது எது?"

அவனுக்குத் தெரியவில்லை. நான்கும் ஒரே மாதிரி இருந்தன.

"பால் குடிக்கும்போது என்னைக் கடிச்சு வச்சது அது" என்றாள் அவள்.

பொட்டலத்துக்கு இதிலெல்லாம் பொறுமை போய்விட்டது. சாவியைத் தூக்கிப் போட்டாயிற்று, பூட்டு கிடையாது என்று அப்பாவே சொல்லியாயிற்று. போனை இரண்டு கையாலும் பிடுங்கி மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே வைத்துக்கொண்டாள். ஓட்டை வாயும் மரத்த உதடுமாக, எச்சில் வழிய, ஏழெட்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவிடம் பேசினாள்.

"அம்மா! கறுப்புப் பல்லு எல்லாம் போயாச்சு. நான் அழவே இல்ல. இப்ப நீங்க வரலாம்."

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு அதை மூடிக்கொண்டாள். இரண்டு உதட்டையும் ஒன்றாகச் சேர்த்து இறுக்கி, கன்னம் நடுங்க, மகளைப் பார்த்துச் சிரித்தாள்.

பொட்டலம் குதித்தாள். போனை அப்பாவின் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அப்பா, பாருங்க, அம்மாவும் பூட்டு போடுறாங்க!"